வீட்டுக்கு ஒரு செடி, சந்தைக்கு ஒரு செடியா?

காரியம் முடிந்ததும் ஒருவரை ஒதுக்குவதைக் கறிவேப்பிலையைத் தூக்கி எறிவதற்கு ஒப்பிடுவது நம்மவர் வழக்கம். காய் வாங்குகையில் கொசுறாகக் கிடைப்பது. உண்ணுகையில் இலையோரம் ஒதுக்கப்படுவது. இத்தகைய அற்பப் பொருளைப் பற்றிக் கூட்டுறவு ஏட்டில் எழுதவும் வேண்டுமோ என அங்கத்தினர்கள் வினவலாம். வேண்டும் என்பதே என் அபிப்பிராயம்.

கோயமுத்தூர் மாவட்டத்தில் காரமடை வட்டாரம் கறிவேப்பிலைத் தோட்டங்களுக்குப் பெயர் பெற்றது. அதற்கு அண்மையிலுள்ள சிறுமுகை கைத்தறிப் பட்டுக்குப் பெயர் பெற்றது. ஒருவர் நெய்ததை மற்றவர் உடுத்துவதும், ஒருவர் விளைத்ததை மற்றவர் உண்பதும் நமக்குள்ள உறவு. அவ்வுறவுக்கு ஆதாரம் நம்பிக்கையே.

கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆதலால் எலுமிச்சையைத் தாக்கும் புழுவும் சாறு உறிஞ்சும் பூச்சியும் இதனையும் தாக்குகின்றன. ஓட்டை விழுந்த இலையை வியாபாரி வாங்குவதில்லை. ஆகவே மருந்து தெளிக்கப்படுகிறது. உரிய நாட்கள் கழியுமுன் அறுத்தால் நஞ்சு இலையிலேயே தங்கும். 2019-ல் ஐரோப்பிய ஒன்றியம் வகுத்த விதி, இந்தியக் கறிவேப்பிலையை மருந்து எச்சத்தின் பொருட்டுக் கூடுதல் சோதனைக்குரிய பண்டங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. சந்தையில் கட்டு வாங்கும் நமக்கு அத்தகைய காவல் ஏது?

தெளித்த தோட்டத்தில் பறியாது, தம் வீட்டுக்கெனக் கிணற்றடியில் தனிச் செடி வைத்திருக்கும் விவசாயிகளை நான் கண்டிருக்கிறேன். அவர்களைப் பழிப்பது என் நோக்கமன்று. விலையும் கடனும் அவர்களை நெருக்குவதை அறிவேன். ஆயினும் தம் குழந்தைக்கு ஆகாதது பிறர் குழந்தைக்கு ஆகுமோ? மேல் மடிப்பை மட்டும் நெருக்கமாக நெய்து, உள்ளே இழை குறைத்து விற்கும் நெசவாளியை நாம் என்னவென்று சொல்வோம்?

முதற்கண் ஒவ்வோர் அங்கத்தினரும் வீட்டில் ஒரு செடி வைத்தல் வேண்டும். கனிந்த பழத்தின் சதையை நீக்கி, விதையை நாட்படாமல் ஊன்றினால் முளைக்கும். இடுப்பளவு வளர்ந்ததும் நுனியைக் கிள்ளினால் கிளைகள் பெருகும். புழுவைக் கையாலேயே பொறுக்கிவிடலாம். அரிசி கழுவிய நீர் போதும். சாயத் தண்ணீரை அண்டவிடலாகாது. பக்கத்திலேயே கொத்தமல்லி விதையை இரண்டாக உடைத்துத் தூவினால் ஆறு வாரத்தில் தழை கிட்டும். வேருள்ள தண்டொன்றை ஊன்றினால் புதினா தானே படரும்.

சமைப்பதிலும் சிறிது கவனம் தேவை. மல்லித் தழையை இறக்கும் தறுவாயில் இடவேண்டும். கொதிக்கவிட்டால் மணம் போய்விடும். கறிவேப்பிலையை உளுந்து, மிளகு, புளியுடன் வதக்கித் துவையலாக அரைத்தால் இலையோரம் ஒதுக்க ஒன்றும் இராது.

வீட்டுச் செடியோடு நம் கடமை தீர்ந்துவிடாது. விவசாய அங்கத்தினர்கள் நாற்று வளர்த்து, வரும் மகாசபையில் வீட்டுக்கு ஒன்று வழங்கட்டும். மருந்துக்கும் அறுவடைக்கும் இடையே உரிய நாட்களைக் காக்கட்டும். நெசவாள அங்கத்தினர்கள் ஓட்டை விழுந்த இலையை முகம் சுளியாது, நியாய விலை கொடுத்து வாங்கட்டும். தன் வீட்டில் உண்ண அஞ்சுவதைப் பிறருக்கு விற்பதில்லை என்னும் உறுதி இல்லாத இடத்தில், சங்கத்தின் பெயர்ப்பலகை மட்டுமே இருக்கும், கூட்டுறவு இராது.