நாலு விநாடி மௌனம்

ரயிலில் எதிர் இருக்கைக்காரர் ஊர், உத்தியோகம், எத்தனை பிள்ளைகள் என்று விசாரிப்பார். கேள்விகள் தீர்ந்ததும் தவிக்க ஆரம்பிப்பார். ஜன்னலைப் பார்ப்பார், கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். கடைசியில், "வெயில் அதிகம், இல்லையா?" என்பார். இரவு பதினொரு மணிக்கு.

அவரைப் பார்த்துச் சிரிப்பதற்கில்லை. பத்து மொழிகளின் உரையாடல்களை ஒப்பிட்டு 2009-ல் வெளியான ஆய்வின்படி, ஒருவர் கேட்டு முடிப்பதற்கும் மற்றவர் பதில் தொடங்குவதற்கும் நடுவே சராசரியாக விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம்தான் போகிறது. அது சற்று நீண்டால் நாமே அர்த்தம் கற்பிக்கத் தொடங்கிவிடுகிறோம். கைமாற்று கேட்டுப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2011-ல் வெளியிட்ட சோதனையில், ஒரு கூட்டுப் பேச்சின் வீடியோவை, தாங்களும் அதில் ஒருவர் என்று கற்பனை செய்துகொண்டு சிலர் பார்த்தார்கள். நடுவில் நாலே விநாடி மௌனம். அதற்கே தாங்கள் ஒதுக்கப்பட்டதுபோல் உணர்ந்தார்கள். அப்பா பேசாமலிருந்தால் புயல் வரும் என்று பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு நாலு விநாடிகூடத் தேவைப்படாது.

அர்த்தம் தெரிந்த மௌனம் இப்படி உறுத்துவதில்லை. திங்கட்கிழமைகளில் காந்தி பேசமாட்டார் என்பது ஊரறிந்த விஷயம். 1947 ஜூன் 2 திங்கட்கிழமை. பிரிவினைத் திட்டத்தைக் கேட்டு அவர் என்ன சொல்வாரோ என்று மவுண்ட்பேட்டன் கலங்கியிருந்தார். வந்தவர் இன்று மௌன விரதம் என்று சைகை காட்டிவிட்டு, பழைய தபால் உறைகளின் பின்புறம் எழுதிக் கொடுத்தார். வைஸ்ராய்க்குப் பரம நிம்மதி.

எதிரில் ஆளே இல்லாத மௌனம் வேறு ரகம். அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-ல் வெளியிட்ட சோதனை ஒன்றில், ஆட்களைத் தனித்தனியாக 15 நிமிடம் வெற்று அறையில் உட்காரவைத்தார்கள். வேண்டுமானால் பொத்தானை அழுத்தி மின் அதிர்ச்சி வாங்கிக்கொள்ளலாம். காசு கொடுத்தாவது அதைத் தவிர்ப்போம் என்று முன்பு சொன்னவர்கள்தான். ஆனாலும் 18 ஆண்களில் 12 பேரும், 24 பெண்களில் 6 பேரும் அழுத்தினார்கள். ஒருவர் 190 முறை!

அறை வெறுமையாக இருந்ததே தவிர மனம் சும்மா இருக்கவில்லை. தனியே விட்டால் அது பழைய பாக்கிகளையெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது. மனைவியை இழந்த பெரியவர்கள் பலர், பார்க்காவிட்டாலும் நாள் முழுக்க டி.வி.யை ஓடவிடுகிறார்கள். ஊரிலிருந்து வரும் மகன், கரண்ட் பில் ஏறுகிறதே என்று அதை அணைக்கிறான். அவன் அந்தப் பக்கம் போனதும் பெரியவர் மறுபடி போட்டுக்கொள்கிறார்.