"ஹியூமன் இன்சுலின்னா மனுஷங்க உடம்புல இருந்து எடுக்கிறதா டாக்டர்?"

போன வாரம் ஓபியில் ஒரு அம்மா கேட்ட கேள்வி இது. கையில் பையனோட இன்சுலின் டப்பா.

"இல்லம்மா, பாக்டீரியாவை வச்சு தயாரிக்கிறது"ன்னு சொன்னேன். முகம் மாறிடுச்சு. "அப்போ செயற்கையா?"

இந்த "செயற்கையா?"வைக் கேட்டாலே எனக்குப் பயம். காரணம் இருக்கு.

டைப் 1 சர்க்கரை நோய் உள்ள ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை. சொந்தக்காரர் ஒருத்தர், "அதெல்லாம் மரபணு மாத்தினது, உடம்புக்கு ஆகாது, இயற்கைப் பொடி தர்றேன்"னு சொல்லி ஊசியை நிறுத்த வச்சிருக்கார். மூணாவது நாள் வாந்தி, வயித்து வலி, மூச்சு வாங்குது. எங்ககிட்ட வரும்போது பாதி மயக்கம். கீட்டோஅசிடோசிஸ். ஐசியுவில் வச்சுத்தான் மீட்டோம். எந்த மருந்தை ஆகாதுன்னு நிறுத்தினாங்களோ, அதே இன்சுலினை டிரிப்பில் ஏத்தித்தான் பிள்ளை பிழைச்சுது.

நூறு வருஷம் முன்னாடி இந்தப் பிள்ளைகளுக்கு என்ன வைத்தியம் தெரியுமா? பட்டினி. சாப்பாட்டைக் குறைச்சுக் குறைச்சு, எலும்பும் தோலுமா சில மாசம் கூடுதலா உயிரோட வைப்பாங்க. அவ்வளவுதான்.

1922 ஜனவரியில், டொரண்டோவில் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு மாட்டுக் கணையத்திலிருந்து எடுத்த இன்சுலினைப் போட்டாங்க. முதல் ஊசி ஒத்துக்கலை. இன்னும் சுத்தப்படுத்தி 12 நாள் கழிச்சுப் போட்டதும் சர்க்கரை இறங்குச்சு. இன்னும் 13 வருஷம் வாழ்ந்தார்.

அதுக்கப்புறம் 60 வருஷம் உலகத்துக்கே இன்சுலின் கசாப்புக் கூடத்திலிருந்துதான் வந்தது. கால் கிலோ இன்சுலினுக்கு டன் கணக்கில் கணையம் வேணும். பன்றி இன்சுலின் நம்மளோடதிலிருந்து ஒரு அமினோ அமிலம் வித்தியாசம், மாட்டோடது மூணு. பலருக்கு ஒத்துக்கிச்சு, சிலருக்கு அலர்ஜி, ஊசி போட்ட இடம் குழி விழும். அந்த "இயற்கை" இன்சுலினை இன்னைக்கு யாராவது திரும்பக் கேட்பாங்களா?

1978-ல் கலிபோர்னியாவில் ஒரு காரியம் பண்ணாங்க. மனித இன்சுலினுக்கான மரபணுவை ஆய்வகத்தில் ரசாயன முறையில் துண்டு துண்டா கோர்த்து, ஈ.கோலை பாக்டீரியாவுக்குள்ள வச்சாங்க. சமையல் குறிப்பு நம்மளோடது, சமைக்கிறது பாக்டீரியா! 51 அமினோ அமிலமும் நம்ம கணையம் சுரக்கிற அதே வரிசை. 1982-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைச்சுது. இப்போ சில கம்பெனிகள் ஈஸ்ட்டை வச்சும் தயாரிக்குது. சுத்திகரிச்ச பிறகு குப்பியில் உயிருள்ள கிருமி எதுவும் கிடையாது.

உங்க வீட்டு டப்பாவை எடுத்துப் பாருங்க. 'ஆர்-டிஎன்ஏ ஆரிஜின்'னு போட்டிருந்தா, அதுக்கு அர்த்தம் இதுதான்.

இன்னொண்ணு. பிறந்த 24 மணி நேரத்துக்குள்ள உங்க குழந்தைக்கு ஜி.எச்.ல போட்டாங்களே ஹெபடைடிஸ் பி தடுப்பூசி, அதுவும் இதே வழியில் ஈஸ்ட் தயாரிச்சதுதான். யாரும் "செயற்கையா?"ன்னு கேட்கலை. நல்லவேளை.

அதுக்காக லேப்ல செஞ்சதெல்லாம் உசத்தின்னு நான் சொல்ல வரலை. அமினோ அமிலங்களை மாத்தி வடிவமைச்ச க்ளார்ஜின் மாதிரி புது இன்சுலின்கள் நல்லவைதான். ராத்திரி சர்க்கரை ரொம்ப இறங்குறவங்களுக்கு உதவும். ஆனா விலை அதிகம். பழைய ஹியூமன் இன்சுலினிலேயே கன்ட்ரோல் நல்லா இருக்கிற ஒருத்தரை, புதுசுங்கிற ஒரே காரணத்துக்காக மாத்தி, மாசச் செலவை ஏத்தி, கடைசியில் காசில்லாம டோஸ் விட வைக்கிறது எனக்குப் பிடிக்காது. கேள்வி கேட்கணும்னா அங்க கேளுங்க: "டாக்டர், எனக்கு இது ஏன்? விலை குறைஞ்சதில் முடியாதா?" கேட்டா எந்த நல்ல டாக்டரும் கோவிச்சுக்க மாட்டார்.

காசு இல்லைன்னு மட்டும் ஊசியை நிறுத்தாதீங்க. அரசு மருத்துவமனையில் இன்சுலின் இலவசம்.

அப்புறம், ஃப்ரீசரில் வைக்காதீங்க. உறைஞ்சு போனது வேலை செய்யாது. ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் பாலிதீன் கவர்ல நல்லா கட்டி, தண்ணி ஊத்தின மண்பானைக்குள்ள வைக்கலாம்.

அந்த அம்மா கடைசியா கேட்டது: "அப்போ அந்த பாக்டீரியாவுக்கு நம்ம பாஷை புரியுதா சார்?"

புரியுதும்மா. ராத்திரி டோஸை மறக்காமப் போட்டுடுங்க.