ஒரே ஒரு பில்டர் போதும்!



எங்க அண்ணன் மில் சம்பளத்தில் காசு சேர்த்து ஒரு பழைய டிஜிட்டல் கேமரா வாங்கினான். கடைக்காரர், "புதுசா படம் எடுக்கிறவங்களுக்கு இதெல்லாம் கட்டாயம் வேணும் தம்பி" என்று சொல்லி, சிவப்பு, மஞ்சள், நீலம் என்று ஒரு பெட்டி பில்டரும், லென்ஸுக்குக் காவலாக ஒரு யு.வி. பில்டரும் தலையில் கட்டிவிட்டார்.

கார்த்திகை அன்று அப்பத்தா விளக்கேற்றுவதை அண்ணன் படம் எடுத்தான். படத்தில் அப்பத்தா முகத்தின் மேலேயே இன்னொரு சுடர் மங்கலாக விழுந்திருந்தது! மறுநாள் யு.வி. பில்டரைக் கழற்றிவிட்டு விளக்கை எடுத்துப் பார்த்தோம். அந்தப் பொய்ச்சுடர் வரவில்லை. மட்டமான கண்ணாடியில் பட்டுத் திரும்பிய வெளிச்சம்தான் அது. அடுத்த கார்த்திகைக்கு அப்பத்தா இல்லை.

அதனால்தான் இதை எழுதுகிறேன். கலர் பில்டர்கள் கறுப்பு வெள்ளை பிலிம் காலத்தில் உதவின. இன்று அந்த நிற மாற்றத்தைக் கம்ப்யூட்டரிலேயே செய்துகொள்ளலாம். புற ஊதாக் கதிர் பிலிமைத்தான் அதிகம் பாதிக்கும். டிஜிட்டல் கேமராவுக்கு உள்ளேயே அதைத் தடுக்கும் கண்ணாடி உண்டு. மணல், கடல் சாரல் உள்ள இடத்தில் யு.வி. பில்டர் மாட்டலாம். ராத்திரி விளக்குகளை எடுக்கும்போது கழற்றிவிட வேண்டும்.

அப்படியானால் எதை வாங்கலாம்? போலரைசர் ஒன்றே போதும் என்பது என் கருத்து. அதைத் திருகத் திருகத் தண்ணீரின் பளபளப்பு மறைந்து உள்ளே இருக்கும் மீன் தெரியும். இலையின் பச்சையும் வானத்தின் நீலமும் கூடும். சூரியன் நம் தோள் பக்கம் இருந்தால் வானம் நன்றாக வரும். பளபளப்பு மறைத்ததைக் கம்ப்யூட்டரால் திருப்பிக் கொண்டுவர முடியாது.

1921-ல் கப்பலில் வந்த சர் சி.வி. ராமன், நிக்கோல் பட்டகம் வழியாகக் கடலைப் பார்த்தார். வானத்தின் எதிரொளிப்பு நீங்கியும் கடல் நீலமாகவே இருந்தது. அந்தப் பட்டகம் செய்த வேலையைத்தான் போலரைசரும் செய்கிறது!

ஆனால் இது வெளிச்சத்தைப் பாதிக்கு மேல் குடித்துவிடும். வீட்டுக்குள்ளும் சாயங்காலமும் மாட்டக் கூடாது. அருவியைப் பட்டுத்துணி போல எடுக்க உதவும் என்.டி. பில்டரை, கேமரா ஸ்டாண்டு வாங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம். எதை வாங்கினாலும் லென்ஸ் முகப்பில் உள்ள 52, 58 போன்ற மில்லிமீட்டர் அளவைப் பார்த்து வாங்குங்கள்.

தோழர்களே, கடைக்காரர் சொன்னார் என்று வாங்காதீர்கள். "இது எதுக்கு?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். எங்க அண்ணன் அன்று கேட்டிருந்தால், அப்பத்தா முகம் எங்களுக்குத் தெளிவாகக் கிடைத்திருக்கும்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி