முயலகன் எங்கே இருக்கிறான்?

மதுரை வெள்ளியம்பலத்தில் நடராசர் கால் மாறி ஆடுகிற பெருமையைக் கேளாதவர் நம்மில் யாருமில்லை. ஊன்றிய கால் நோகுமே என்று பாண்டியன் அழுதானாம். உடனே கால் மாற்றினாராம். சாமியின் கால்வலிக்கு இவ்வளவு கவலை! காலடியில் மிதிபடுகிறானே முயலகன், அவன் யார் என்று கேட்டதுண்டா? முயலகன் என்பது காக்காய் வலிப்புக்கே பழைய பெயர். நோயை மிதித்து அடக்கிவிட்டதாகச் சிலை செய்து எத்தனையோ நூற்றாண்டாயிற்று. மேலூரிலும் உசிலம்பட்டியிலும் பிள்ளைகள் நுரை தள்ளி விழுவது நின்றதா?

இப்போது புதுச் சமாதானம் ஒன்று கிளம்பியிருக்கிறது. "இரண்டு வருஷம் ஆஸ்பத்திரி மாத்திரை சாப்பிட்டும் நிற்கவில்லையே! அப்படியானால் காத்துக் கருப்புத்தானே?" என்கிறார்கள். மாத்திரை தோற்றால் பேய் ஜெயித்ததாக அர்த்தமா? சாவி சேராவிட்டால் பூட்டுக்குள் பிசாசு என்பீர்களா?

வலிப்புக்காரரில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மாத்திரையால் மட்டும் நிற்பதில்லை. 1971-ம் வருஷம் லண்டனில் டெய்லர் முதலான டாக்டர்கள், அப்படிப்பட்ட சிலரின் மூளையில் அறுத்தெடுத்த துண்டுகளை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார்கள். மூளையின் மேற்பட்டையில் அணுக்கள் ஆறு அடுக்காக ஒழுங்காயிருக்க வேண்டும். அங்கேயோ அடுக்குக் கலைந்து கிடந்தது; சில அணுக்கள் அளவு மீறிப் பருத்திருந்தன, சில பலூன்போல் ஊதியிருந்தன. கருவில் மூளை உருவாகும்போதே நேர்ந்த பிசகு இது. அந்த இடம் தாறுமாறாய் மின்சாரம் கிளப்ப, உடம்பு வெட்டி இழுக்கிறது. இதில் முற்பிறப்புக் கர்மம் எங்கே வந்தது? தாய் கிரகணத்தில் வெளியே போன பாவம் எங்கே வந்தது?

மருந்துக்கு அடங்காத எல்லாருக்கும் இதுவே காரணம் என்று சொல்லவில்லை. தழும்பு, கட்டி என்று வேறும் உண்டு. ஆனால் தக்க மருந்து இரண்டு, சரியான அளவில் கொடுத்தும் நிற்காவிட்டால், எம்.ஆர்.ஐ. படமும் மூளை மின்பதிவும் எடுத்து அந்த இடத்தைத் தேட வேண்டும் என்பது வைத்திய முறை. இடம் அகப்பட்டு, அதை முழுக்க அகற்றவும் முடிந்தால், பாதிக்கு மேற்பட்டோருக்கு வலிப்பு நின்றுவிடுகிறது. எல்லாருக்குமல்ல, பொய் சொல்லிக் காசு வாங்க நான் பூசாரியல்ல. வேலூரில் டாக்டர் ஜேக்கப் சாண்டி 1952-லேயே வலிப்புக்கு மூளையில் அறுவை செய்தார். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிலையத்தில் இதற்கென்றே 1995 முதல் வேலை நடக்கிறது. மதுரையிலிருந்து ஓரிரவு ரயில்!

உடுக்கைக்கும் வேப்பிலையடிக்கும் ஆட்டை விற்றுக் கொடுக்கிறவர்களுக்கு அந்த ரயில் மட்டும் தூரமாய்ப் போய்விடுகிறது. கொடுமை என்னவென்றால், மாத்திரையை நிறுத்தினால்தான் சாமி இறங்கும் என்கிறான் மந்திரவாதி. திடீரென்று நிறுத்தினால் ஓயாத வலிப்பு கண்டு உயிரே போகலாம். அவனிடம் அழைத்துப் போகாதீர்கள். மாத்திரைச் சீட்டுகளை எல்லாம் எடுத்துக்கொண்டு ராஜாஜி ஆஸ்பத்திரி நரம்பியல் பிரிவுக்குப் போய், "படம் எடுத்துப் பார்த்தாயிற்றா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள்.