குழாய் அவர்களுக்கு, புழுதி நமக்கா?

சுரங்கக் கம்பெனியின் அதிகாரி கிராமத்துக்கு வந்தால் பாடுகிற பல்லவி ஒன்றே ஒன்றுதான்: "உங்கள் நிலத்தை நாங்கள் எடுத்துக்கொள்ளவில்லை. குழாயைப் புதைப்போம், மூடுவோம், போய்விடுவோம். மறுவருஷம் நீங்கள் பழையபடி உழலாம்."

கேட்க இனிப்பாகத்தான் இருக்கிறது. குழாய் போன வயலில் மறுவருஷம் ஏர் பிடித்தவனைக் கேளுங்கள், கசப்பு தெரியும்.

மலையில் வெட்டிய இரும்புத் தாதுவை மாவாக அரைத்து, தண்ணீரில் கரைத்து, கூழாக்கிக் குழாயில் விட்டுத் துறைமுகம் வரை தள்ளுகிறார்கள். லாரியும் வேண்டாம், ரயிலும் வேண்டாம். இந்த முறையே தப்பு என்று நாம் சொல்லவில்லை. ஆயிரக்கணக்கான லாரிகள் மலைப்பாதையைப் பொடியாக்குவதைவிடக் குழாய் மேல்தான். மில்லில் சுழலும் கதிரும் இரும்பு, வயலில் இறங்கும் கொழுவும் இரும்பு. இரும்பு வேண்டாம் என்று எந்தத் தொழிலாளி சொன்னான்? நாம் கேட்பது வேறு. குழாய்க்காகக் கிழித்த மண்ணைத் தைத்துக் கொடுப்பது யார் பொறுப்பு? அந்தச் செலவு யார் கணக்கில் விழுகிறது?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இருபது மீட்டர் அகலத்துக்குப் பாதை வெட்டினால், ஒரு கிலோமீட்டருக்கு 2 ஹெக்டேர் நிலம் புரளுகிறது. அதாவது ஏறக்குறைய 5 ஏக்கர். அதன் மேல்மண் அரையடி என்று வைத்துக்கொண்டால், மூவாயிரம் கனமீட்டர் மண். சாணமும் தழையும் மண்புழுவும் பாட்டன் முப்பாட்டன் வியர்வையும் சேர்ந்து விளைந்த மண் அது. ஓரங்குல மண்ணை உண்டாக்க இயற்கைக்குச் சில நூறு ஆண்டுகள் வேண்டும். புல்டோசருக்கு ஒரு காலைப்பொழுது போதும்!

இந்த மண்ணைக் காக்க வழியில்லையா? இருக்கிறது. குழாய் இஞ்சினீயர்கள் அனைவருக்கும் தெரிந்த வழிதான். மேல்மண்ணை முதலில் வழித்துத் தனிக்குவியலாக ஒதுக்க வேண்டும். அடிமண்ணை வேறு குவியலாகப் போட வேண்டும். மூடும்போது அடிமண் அடியில், மேல்மண் மேலே. அவ்வளவுதான். இரண்டையும் கலந்து தள்ளினால் உப்பும் கல்லும் களிமண்ணும் மேலே வரும், விதை முளைக்காது. கனத்த இயந்திரங்கள் ஓடி இறுகிப்போன தரையை ஆழ உழுது தளர்த்தாமல் விட்டால் கொழு இறங்காது, மழைத் தண்ணீரும் இறங்காது. இறங்காத தண்ணீர் ஓடும். ஓடும்போது மண்ணையும் கொண்டு போகும்.

சரிவு நிலத்தில் ஆபத்து இன்னும் அதிகம். அங்கே குழாய்ப் பள்ளமே நிலத்துக்கு அடியில் ஒரு வாய்க்கால் ஆகிவிடுகிறது. மேலே எல்லாம் மூடி அழகாக இருக்கும். அடியில், குழாயை ஒட்டிய தளர்ந்த மண்ணின் வழியே தண்ணீர் அரித்துக்கொண்டே போகும். ஒருநாள் மாடு நடந்தால் கால் உள்ளே போகும். இதைத் தடுக்கப் பள்ளத்துக்குள் சில கஜத்துக்கு ஒன்றாக மணல் மூட்டைகளை அடுக்கிக் குறுக்குச் சுவர் வைக்க வேண்டும். மேலே சாய்வாகக் குறுக்கு வரப்பு போட்டு, தண்ணீரைப் புல்தரைக்குத் திருப்பிவிட வேண்டும். ஓடைக்கரையில் வண்டலைத் தடுக்கத் தட்டி கட்ட வேண்டும். மூடிய மறுநாளே புல் விதைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மழைக்காலத்தில் மைல் கணக்கில் பள்ளத்தைத் திறந்து போடக் கூடாது.

விவசாயக் கூலித் தோழர்களே, இது உங்களுக்குப் புதுப்பாடமா? சரிவில் வரப்பைக் குறுக்கே போடு, நெடுக்கே போடாதே என்று எந்தக் கல்லூரியில் படித்தீர்கள்?

தெரிந்த வேலையை ஏன் செய்வதில்லை? காண்டிராக்டருக்குப் பெரும்பாலும் மீட்டர் கணக்கில் பணம். குழாய் பற்றவைத்தாயா, புதைத்தாயா, இந்தா பில்! மண்ணை இரண்டு குவியலாகப் பிரித்தால் இரண்டு நாள் கூடும், டீசல் கூடும், லாபம் குறையும். பள்ளத்துக்குள் இறங்கும் கூலிக்காரன் தலையில் மண் சரியாமலிருக்கப் பலகை அடிக்கவே யோசிக்கிறவர், உன் வயல் மண்ணைப் பற்றியா கவலைப்படுவார்?

குதிரேமுக்கைப் பாருங்கள். கர்நாடகத்தின் மேற்கு மலைத் தொடரில், பத்ரை நதி பிறக்கும் பக்கத்தில், 1976இல் தொடங்கிய சர்க்கார் கம்பெனி அது. ஈரானின் ஷா மன்னர் பணத்தில் அவருக்கு இரும்பு விற்கத் திட்டம் போட்டார்கள். அங்கே புரட்சி வந்தது, ஷா ஓடினார்! தாதுக்கூழ் 67 கிலோமீட்டர் குழாயில் மங்களூருக்கு இறங்கியது. கோவைச் சமவெளியில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையைப்போல் எட்டு மடங்குக்குக் குறையாமல் கொட்டுகிற மலை அது. அங்கே மண்ணைக் கிழித்தால் என்ன ஆகும்? சுரங்க வண்டல் பத்ரையில் இறங்கியது. கீழே உழவர்களும் காடு காப்போரும் கூச்சல் போட்டார்கள். வழக்கு நடந்தது. 2002இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. 2005 முடிவோடு சுரங்கம் நின்றது. சர்க்கார் கம்பெனிதானே என்று நாம் வாயை மூடிக்கொள்ள முடியாது. மண்ணை அரிக்கிற தண்ணீருக்குப் பொதுத்துறை, தனியார்த்துறை என்ற பேதம் தெரியாது. சுரங்கம் நின்றபோது பிழைப்பை இழந்தவன் தொழிலாளி என்பதையும் மறக்க வேண்டாம். மண்ணை ஒழுங்காகக் காக்காத நிர்வாகத்தின் குற்றத்துக்கும் கடைசியில் அவனே அபராதம் கட்டினான்.

மூடிவிட்டால் கதை முடிந்தது என்கிறார்களே, பிரேசிலில் முடிந்ததா? ஆங்கிலோ அமெரிக்கன் கம்பெனியின் மினாஸ்-ரியோ தாதுக்குழாய் 529 கிலோமீட்டர் நீளம். 2018 மார்ச்சில், ஒரே மாதத்தில் இரண்டு முறை அது உடைந்தது. முதல் முறையே சுமார் 300 டன் தாதுக்கூழ் ஓடையில் கலந்து, ஒரு சிற்றூரின் குடிநீர் நின்றது. குழாய் புதைத்த நிலம் குழாய் உள்ளவரை காவல் கேட்கும் நிலம்.

சட்டம் என்ன சொல்கிறது? 1962இல் பெட்ரோலியக் குழாய்களுக்காகச் செய்த சட்டத்தை, 1977இல் கனிமக் குழாய்களுக்கும் நீட்டினார்கள். நிலம் உன்னுடையதே, உபயோக உரிமை மட்டும் கம்பெனிக்கு. ஆனால் அந்தப் பட்டையில் நீ வீடு கட்டாதே, கிணறு வெட்டாதே, மரம் வைக்காதே! நஷ்டத்துக்கு ஈடு போக, இதற்கெல்லாம் விலை சந்தை மதிப்பில் 10 சதவீதம். ஆட்சேபம் சொல்ல 21 நாள். இதே சட்டத்தைக் காட்டித்தான் நம் கொங்கு நாட்டிலும் சேலம், தருமபுரிப் பக்கத்திலும் எரிவாயுக் குழாய் போட வந்தார்கள். 2013இல் விவசாயிகள் எதிர்த்து நின்றதை நீங்கள் அறிவீர்கள். நெடுஞ்சாலை ஓரமாகப் போ என்றது தமிழக அரசு. 2016இல் சுப்ரீம் கோர்ட்டு கம்பெனி பக்கம் தீர்ப்பளித்தது.

பட்டா உள்ளவனுக்காவது பத்து சதவீதம் உண்டு. பட்டா இல்லாதவன்? அந்த வயலில் நாற்று நட்டு, களை பறித்து, அறுத்து வயிறு கழுவிய கூலிப் பெண்ணுக்கு? இரண்டு போகம் வேலை போனால் அவள் பெயர் எந்த ரிஜிஸ்தரில் ஏறுகிறது?

ஆகவே குழாய் வருகிற ஒவ்வொரு ஊரிலும் சங்கம் கேட்க வேண்டியதைக் கேட்போம். மேல்மண் தனியாக ஒதுக்கியதை ஊர்க் கமிட்டி பார்த்து ஒப்பமிடாமல் பள்ளம் மூடக் கூடாது. பருவமழைக்கு முன் மூடி முடிக்க முடியாத பள்ளத்தைத் தோண்டவே கூடாது. காண்டிராக்டரின் கடைசிப் பில், இரண்டு மழைக்காலம் தாண்டி, பக்கத்து வயலுக்குச் சமமாக அந்தப் பட்டையில் பயிர் நின்ற பிறகே பட்டுவாடா ஆக வேண்டும். வரப்புப் போடவும் புல் விதைக்கவும் வெளியூர் ஆள் எதற்கு? அந்த வேலை உள்ளூர்க் கூலிக்காரருக்கு, முழுக் கூலியோடு. நின்றுபோன அறுவடை நாட்களுக்கான கூலியும் கம்பெனி கணக்கில், வயலில் இறங்கிய ஒவ்வொரு பெண்ணின் பெயரும் எழுதி!