கோலாக் கொட்டைக்கு ஆங்கிலம் தெரியாது

நைஜீரியாவின் தென்கிழக்கில், இக்போ மக்களின் வீட்டுக்குப் போனால் முதலில் வருவது கோலாக் கொட்டை. விருந்தாளிக்குச் செய்யும் முதல் மரியாதை அது. கூட்டத்தில் மூத்தவர் அதைக் கையில் ஏந்தி, முன்னோர்களை அழைத்து, வாழ்த்துச் சொன்ன பிறகு கொட்டை உடையும். எத்தனை பருப்பாகப் பிரிகிறது என்று எண்ணுவார்கள். நான்கு என்றால் திருப்தி. அவர்களுடைய வாரத்துக்கு நான்கே நாள். வாழ்த்தை மட்டும் இக்போ மொழியில்தான் சொல்ல வேண்டும். லண்டனிலிருந்து விடுமுறைக்கு வந்த டாக்டருக்கும் விலக்கில்லை. 'கோலாக் கொட்டைக்கு ஆங்கிலம் தெரியாது' என்பது அங்கே வழக்கு.

பிரச்னை என்னவென்றால், கோலாக் கொட்டையைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் ஆங்கிலம் தெரிந்துவிட்டது. நாடாளுமன்றத்தில் ஆங்கிலத்தோடு ஹௌசா, இக்போ, யொருபா மொழிகளிலும் பேசலாம் என்று 1979 அரசியல் சட்டம் சொன்னது. 1999 சட்டமும் அதையே சொல்கிறது. 'தகுந்த ஏற்பாடுகள் செய்யப்படும்போது' என்று ஒரு நிபந்தனை உண்டு. அலுவல் ஆங்கிலத்திலேயே நடக்கிறது. நகரத்து நடுத்தர வர்க்க வீடுகளில் தாய்மொழியைப் புரிந்துகொண்டு ஆங்கிலத்தில் பதில் சொல்லும் பிள்ளைகள் சகஜம். ஏறத்தாழ 3 கோடிப் பேரின் மொழி 2025க்குள் அழியும் என்றுகூட நைஜீரியாவில் வெகுகாலம் ஒரு பேச்சு ஓடியது.

பழியை ஆங்கிலத்தின் மேல் போடுவது சுலபம். ஆனால் அது பாதிக் கதை. மீதிப் பாதி, இக்போவுக்கு நல்லது செய்யக் கிளம்பியவர்களுடையது.

1857இல் முதல் இக்போ அரிச்சுவடியை எழுதியவர் சாமுவேல் அஜாயி கிரௌதர். அடிமைக் கப்பலிலிருந்து மீட்கப்பட்ட யொருபாக்காரர். சியரா லியோனில் குடியேறிய மீட்கப்பட்ட அடிமைகளின் இக்போவை வைத்து அதை எழுதினார். தாய்மண்ணில் அது எடுபடவில்லை. அடுத்து டென்னிஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார், ஐந்து வட்டாரப் பேச்சுகளைக் கலந்து 'ஐக்கிய இக்போ' ஒன்றை உருவாக்கினார். 1913இல் முழு பைபிள் அதில் வெளிவந்தது. எல்லோருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்பது நோக்கம். விளைவு, எந்த ஊர்த் தாயும் தன் குழந்தையிடம் பேசாத மொழி!

பிறகு எழுத்துச் சண்டை. 1929இல் அரசு புதிய எழுத்து முறையைக் கொண்டுவர முயன்றது. கத்தோலிக்கர்கள் ஏற்றார்கள், ஆங்கிலிக்கன் மிஷனரிகள் பழையதை விடவில்லை. 1933இல் முதல் நாவலான 'ஒமெனுகோ'வைத் தந்துவிட்ட மொழிக்கு, எந்த எழுத்தில் பாடநூல் அச்சிடுவது என்பதே முப்பது ஆண்டுகளுக்கு மேல் வழக்காகக் கிடந்தது. 1961இல் ஒன்வு கமிட்டி 36 எழுத்துகளை வகுத்துச் சமரசம் செய்தது. அதிலும் குரலின் ஏற்ற இறக்கத்தை யாரும் வழக்கமாகக் குறிப்பதில்லை. 'அக்வா' என்று எழுதினால் அழுகையா, துணியா, முட்டையா, கட்டிலா என்பதை இடம் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும்.

இந்தச் சூழலில் வளர்ந்தவர் சினுவா அச்சிபி. தந்தை ஆங்கிலிக்கன் சபையின் உபதேசியார். 1958இல் வந்து உலகப் புகழ் பெற்ற அவருடைய முதல் நாவல் தமிழிலும் 'சிதைவுகள்' என்ற பெயரில் வந்திருக்கிறது. இக்போ கிராமத்தின் கதை, எழுதியது ஆங்கிலத்தில். டென்னிஸ் மீது அவருக்குக் கடைசிவரை கோபம் உண்டு. 1999இல் ஓவெரி நகரில் ஒரு பேருரைக்கு அழைத்தபோது, பொது இக்போவை ஒதுக்கிவிட்டுத் தன் வட்டாரப் பேச்சிலேயே உரையாற்றி அந்த மொழிக் கலவையைச் சாடினார். தரப்படுத்தலுக்காக ஆயுளைச் செலவிட்ட அறிஞர்கள் கொதித்தார்கள்.

யார் கட்சி சரி? பள்ளிக்கூடத்துக்கும் பரீட்சைக்கும் பொது எழுத்து வேண்டும். 1949இல் இக்போ மொழி வளர்ச்சிக் கழகத்தை நிறுவிய ஒக்பாலு போன்றவர்களின் உழைப்பு இல்லாமல் இன்று இக்போவில் பாடப் புத்தகம் ஏது? ஆனால் எழுத்து வேறு, பேச்சு வேறு. எத்தனை எழுத்து என்று கமிட்டி தீர்மானிக்கலாம். எந்தச் சொல்லுக்கு உயிர் உண்டு என்று தீர்மானிக்க அதற்கு அதிகாரம் இல்லை. தன் ஊர்ப் பேச்சு கொச்சை, புத்தகப் பேச்சு செயற்கை என்று நினைக்க ஆரம்பித்த குடும்பம், இரண்டையும் விட்டுவிட்டு ஆங்கிலத்துக்குத் தாவுவதில் என்ன ஆச்சரியம்?

அச்சிபியின் வாழ்க்கையிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. 1967இல் இக்போக்கள் பயாஃப்ரா என்ற தனி நாட்டை அறிவித்தார்கள். நைஜீரிய ராணுவத்தோடு மூண்ட போர் 1970 ஜனவரியில் தோல்வியில் முடிந்தது. பட்டினியிலும் குண்டுவீச்சிலும் செத்தவர்கள் லட்சக்கணக்கில். போர் தொடங்கிய ஆண்டே களத்தில் பலியானவர் கவிஞர் கிறிஸ்டோஃபர் ஒகிக்போ, அச்சிபியின் நெருங்கிய நண்பர். நாவல்களையும் கட்டுரைகளையும் ஆங்கிலத்தில் எழுதிய அச்சிபி, அந்த நண்பனுக்கான இரங்கற்பாவை இக்போவில் எழுதினார்.

அதை எழுத அவர் எந்தக் கமிட்டியையும் கேட்கவில்லை. துக்கம் வந்தபோது கைக்கு வந்தது வீட்டு மொழி. இன்று லாகோஸிலும் லண்டனிலும் வளரும் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு வீட்டு மொழி மிஞ்சுமா என்பதுதான் கேள்வி. பெற்றோர்தான் பதில் சொல்ல வேண்டும்.