எழுந்து நிற்கும் உரிமை: கணினிப் பணியில் சிறு இடைவேளை பற்றி எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

மென்பொருள், மருத்துவ பில்லிங், கால் சென்டர், டேட்டா என்ட்ரி எனக் கணினித் திரை முன் உட்கார்ந்து பிழைப்பவர்களின் சங்கம் எங்களுடையது. ஒரு மணி நேரம் திரையைப் பார்த்து வேலை செய்தவர் குறைந்தது ஐந்து நிமிடம் இருக்கையை விட்டு எழலாம் என்பது எல்லா நிறுவனங்களிலும் விதியாக வேண்டும். அந்த ஐந்து நிமிடம் சம்பளத்துடன் கூடிய வேலை நேரம். அதைச் சாப்பாட்டு நேரத்தில் கழிக்கவோ, ஷிப்டின் கடைசியில் ஒட்டவைத்து வீட்டுக்குப் போகும் நேரத்தைத் தள்ளவோ கூடாது. இதுவே எங்கள் நிலைப்பாடு.

2021-இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது. ஜவுளிக்கடையிலும் நகைக்கடையிலும் நாள் முழுக்க நின்றே வேலை பார்த்தவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று அது கட்டாயமாக்கியது. கேரளம் 2018-லேயே இதைச் செய்திருந்தது. உடம்பை மணிக்கணக்கில் ஒரே நிலையில் நிறுத்திவைப்பது கேடு என்பதை அரசு ஒப்புக்கொண்டதாகவே அந்தத் திருத்தத்தை நாங்கள் பார்க்கிறோம். எங்கள் உறுப்பினர்களுக்கு நாற்காலி இருக்கிறது, எழுந்திருக்கத்தான் வழியில்லை. அதே சட்டத்தின் 1947-ஆம் ஆண்டு விதி, நான்கு மணி நேர வேலைக்குப் பின் ஒரு மணி நேர ஓய்வு என்கிறது. துணி அளந்து கொடுத்த காலத்துக்கு அது போதுமாக இருந்திருக்கலாம். நான்கு மணி நேரம் ஒரே தூரத்தில் கண்ணை ஊன்றிவைக்கும் வேலை அன்று இல்லை.

சென்னையில் அமெரிக்க மருத்துவமனைகளுக்கு பில்லிங் செய்யும் அலுவலகங்களில் இரவு ஷிப்ட் எப்படி நடக்கிறது என்பதைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறோம். மவுஸ் சில நிமிடம் அசையாவிட்டால் மென்பொருள் அதை ‘ஐடில்’ என்று குறித்துக்கொள்கிறது. மாதக் கடைசியில் அந்த நிமிடங்கள் கூட்டப்பட்டு மதிப்பெண்ணாகின்றன. அதனால் பாத்ரூம் போவதைத் தள்ளிப்போடுவதற்காகத் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளும் பெண்கள் இருக்கிறார்கள். சிறுநீர்த் தொற்று என்று டாக்டரிடம் போகும்போதுதான் அவர்களுக்கு லீவு கிடைக்கிறது. அதே தளத்தில் சிகரெட் பிடிக்க வெளியே போகிறவரின் பத்து நிமிடத்தை யாரும் பெரிதாகக் கேட்பதில்லை. புகைக்க நேரம் இருக்கிறது, கழுத்தை நிமிர்த்த நேரம் இல்லை என்ற இந்த ஏற்பாடு எங்களுக்கு ஏற்புடையதல்ல.

ஏன் ஒரு மணிக்கு ஒருமுறை? திரையை உற்றுப் பார்க்கும்போது நாம் இமைப்பது வெகுவாகக் குறைந்துவிடுகிறது. கண்ணீர்ப் படலம் காய்கிறது, எரிச்சலும் மணல் விழுந்தது போன்ற உறுத்தலும் வருகின்றன. ஏசி காற்று அதை இன்னும் மோசமாக்குகிறது. அருகில் உள்ளதைக் குவித்துப் பார்க்கும் கண் தசை மணிக்கணக்கில் இறுகியே இருக்கிறது. தூரத்தில் பார்த்தால்தான் அது தளரும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை, இருபது அடி தள்ளி உள்ள ஒன்றை, இருபது விநாடி பாருங்கள் என்று கண் மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். அதற்கு எழக்கூட வேண்டாம், ஜன்னல் பக்கம் திரும்பினால் போதும். ஆனால் முதுகும் தோளும் மணிக்கட்டும் அப்படி ஏமாறாது. அவற்றுக்கு நடை வேண்டும்.

இது புதுக் கோரிக்கையும் அல்ல. திரை வேலையை அவ்வப்போது நிறுத்தி ஓய்வோ மாற்று வேலையோ தரும்படி பணியைத் திட்டமிடுவது முதலாளியின் கடமை என்று ஐரோப்பிய சமூகம் 1990-லேயே ஆணையிட்டது. 1992-இல் பிரிட்டன் அதை விதியாக்கியது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இருபது நிமிடம் தருவதைவிட மணிக்கு ஐந்து முதல் பத்து நிமிடம் தருவது நல்லது என்பது அந்நாட்டுப் பணியிடப் பாதுகாப்புத் துறையின் அறிவுரை. தொடர்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், இடையில் பத்து முதல் பதினைந்து நிமிடம் நிறுத்துங்கள் என்கிறது ஜப்பான் அரசின் வழிகாட்டுதல். அந்த நாடுகளின் வாடிக்கையாளர்களுக்காக இங்கே உழைப்பவரின் கண்ணும் முதுகும் வேறு பொருளால் ஆனவை அல்ல.

டார்கெட் என்னாகும் என்பார்கள். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் டேட்டா என்ட்ரி ஊழியர்களிடம் நடத்திய ஆய்வு 2000-இல் வெளியானது. வழக்கமான இரண்டு இடைவேளைகளோடு கூடுதலாக ஐந்து நிமிட இடைவேளைகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். உடல் வலியும் கண் சோர்வும் குறைந்தன. நாளுக்கு இருபது நிமிடம் வேலை நேரம் குறைந்தும் மொத்த வேலை குறையவில்லை. ஆனாலும் ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறோம்: உற்பத்தி சற்றுக் குறைந்தாலும் எங்கள் கோரிக்கை மாறாது. உடம்பு கெடாமல் வேலை செய்வது லாபக் கணக்கு பார்த்துத் தரும் சலுகை அல்ல.

யோகா தினத்தன்று பாய் விரித்துப் படம் எடுப்பதையும், மன நலத்துக்கு ஒரு ஆப் தருவதையும் நாங்கள் எதிர்க்கவில்லை. டார்கெட்டை அப்படியே வைத்துக்கொண்டு ‘உங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று மெயில் அனுப்புவதை எதிர்க்கிறோம். இடைவேளையை முதலிலேயே கழித்துவிட்டு டார்கெட் போடுங்கள். எழுந்து போன நிமிடங்கள் ஐடில் கணக்கில் ஏறக் கூடாது. கால் சென்டரில் வாடிக்கையாளரிடம் வசை வாங்கியவருக்கு அடுத்த அழைப்பு உடனே போகக் கூடாது. மூச்சு சீராகச் சில நிமிடம் வேண்டும். வீட்டிலிருந்து வேலை செய்வோருக்கும் இதெல்லாம் பொருந்தும். அங்கே ஒரு சிக்கல் உண்டு. பெண்களின் ஐந்து நிமிடம் குக்கரை இறக்குவதிலும் பால் காய்ச்சுவதிலும் போய்விடுகிறது. அது இன்னொரு வேலை, ஓய்வு அல்ல. இதை அவரவர் வீட்டில் உள்ளவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறோம்.

உறுப்பினர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த ஐந்து நிமிடத்தில் கைப்பேசியைத் திறக்காதீர்கள். கண்ணுக்கு அதுவும் திரைதான். தண்ணீர் குடியுங்கள், தோளைச் சுழற்றுங்கள், மாடிப்படி வரை நடந்துவிட்டு வாருங்கள்.

தொழிலாளர் துறை இருக்கைக்காகச் சட்டம் திருத்தியது போல இதற்கும் ஒரு விதி கொண்டுவர வேண்டும். அது வரும்வரை காத்திருக்காமல் டீம் லீடர்கள் இன்றே செய்யக்கூடிய ஒன்று உண்டு. உங்கள் அணியில் ஒருவர் எழுந்து போகும்போது கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். மணிக்கு ஒருமுறை நீங்களே முதலில் எழுந்திருங்கள்.